தலைப்புச் செய்தியில் மாட்டிய ஆங்கில வார்த்தை: உங்கள் அனுபவம் என்ன?

நெய்தல்நிலா
வங்கித் தேர்வுக்குப் படித்த எல்லோரிடமும் அந்த நோட்டு இருக்கும். இடது பக்கம் தலைப்பிலிருந்து எடுத்த வார்த்தை, வலது பக்கம் டிக்‌ஷனரி அர்த்தம். என் நோட்டில் ‘மூட்’ (moot) இருந்தது. ‘கார்ப்பரேஷன் மூட்ஸ் நியூ பஸ் ஸ்டாண்ட்’ என்கிற மாதிரி பேப்பரில் அடிக்கடி வருமே, அதுதான். யோசனையை முன்வைப்பது என்று பொருள். மாதிரி நேர்முகத்தில் அப்படியே பயன்படுத்தினேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மூட்னா இனிமே பேசிப் பிரயோஜனம் இல்லாத விஷயம். நீங்க தலைகீழா சொல்றீங்க” என்றார். பக்கத்தில் இருந்தவரும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஆக்ஸ்ஃபோர்டைப் புரட்டினால், வினைச்சொல்லாக நான் சொன்னது இருக்கிறது. பெயரடையாக அவர் சொன்னதும் இருக்கிறது, அமெரிக்க வழக்கு என்ற குறிப்போடு. அந்தத் தலையாட்டலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

டியூஷன் அக்கா
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலப் பேப்பர் வாசிக்க வைப்பேன். ஒரு நாள் ‘டூ ஹெல்ட் ஃபார் செயின் ஸ்நாட்சிங்’. ஹெல்ட் என்றால் கைது என்று சொல்லியாயிற்று. மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் ‘கிரீவன்ஸ் டே மீட்டிங் ஹெல்ட்’. கடைசி வரிசைப் பையன் எழுந்து, “மனு கொடுக்க வந்தவங்கள எதுக்குக்கா பிடிச்சாங்க?” என்றான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முந்தின வாரம்தான் அவன் அம்மாவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

பழைய ப்ரூஃப் ரீடர்
இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைப்பை வைத்து மொழி படிப்பதே தப்பு. பத்தியின் அகலத்துக்குள் அடங்க வேண்டுமே என்று ‘அப்ரூவல்’ இடத்தில் ‘நாட்’ (nod, தலையசைப்பு) போடுவோம். விசாரணைக்கு ‘ப்ரோப்’, முயற்சிக்கு ‘பிட்’, கண்டனத்துக்கு ‘ஸ்லாம்’. நேற்று நடந்தது நிகழ்காலத்தில் வரும், நாளை நடப்பதற்கு வெறும் ‘டு’. ‘ஏ’, ‘தி’ எல்லாம் பறந்துவிடும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, அக்கா கல்யாணத்துக்கு ‘ட்ரெய்னி சீக்ஸ் நாட் ஃபார் லீவ்’ என்று லீவ் லெட்டர் கொடுத்தான். எடிட்டர் அதில் ‘நாட் கிவன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தலைப்பை விட்டுவிட்டு முதல் பத்தியைப் படியுங்கள், அங்கேதான் முழு வாக்கியம் இருக்கும். டிக்‌ஷனரியையும் பார்த்து வாங்குங்கள். தமிழ் அர்த்தத்துக்கு லிஃப்கோ போதும். வார்த்தை வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று தெரிய, கற்பவர்களுக்கான அகராதி வேண்டும். அப்படி ஒன்றைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவர் தொகுத்தது 1942-ல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு எங்கே இடறும் என்று தெரிந்தவர் எழுதியது. 1978-ல் வந்த லாங்மேன் அகராதி, சுமார் 2000 எளிய வார்த்தைகளை வைத்தே அர்த்தம் சொல்லிவிடும். அர்த்தத்துக்கு அர்த்தம் தேடி அலைய வேண்டாம்.

பி பிளாக் 14
சார், அனுபவம் கேட்டால் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்! தலைப்பு இல்லாவிட்டால் நான் எந்த டிக்‌ஷனரியையும் தொட்டிருக்க மாட்டேன். 2017 மே மாதம் சசி தரூர் ‘ஃபராகோ’ என்று ட்வீட் போட்டு எல்லாச் சேனலிலும் ஓடியதே, அப்போது நான் ஹாஸ்டலில். எவனோ மெஸ் போர்டில் ‘ஃபராகோ ஆஃப் உப்புமா’ என்று எழுதிவிட்டான். மெஸ் மாஸ்டர் அது ஏதோ வடநாட்டு அயிட்டம் என்று நினைத்து அர்த்தம் கேட்டார். கலவை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஒருத்தன் போனைத் திறந்து லத்தீன் மூலத்தையும் வாசித்துக் காட்டினான்: மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். மாஸ்டர் கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பரிமாற ஆள் இல்லை. நாங்களே போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

மணிமுத்தாறு
2022-ல் ரஷ்யா, உக்ரைன் போர் தொடங்கிய சமயம். அப்பா பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். அவருக்கு சாங்ஷன் என்றால் பாலத்துக்கும் ரோட்டுக்கும் பணம் ஒதுக்குவதுதான். ரஷ்யா மீது அமெரிக்கா தடை விதித்ததைச் சொல்லும் ‘யுஎஸ் சாங்ஷன்ஸ் ரஷ்யா’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றாமலே, “எவ்வளவுப்பா?” என்றார்.

பழைய ப்ரூஃப் ரீடர்
அப்பாவுக்கு ஒரு லாங்மேன் வாங்கிக் கொடுங்கள்.

மணிமுத்தாறு
கொடுக்கலாம் சார். “இதுக்கு யாரு சாங்ஷன் பண்ணது?” என்று கேட்பார்.