புதுப்பிப்பு: மாஷ் டன்னில் அடித்த புளித்த வாடை

வீட்டில் பீர் காய்ச்ச, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கும் பாத்திரம்தான் மாஷ் டன். அதை ஐஸ் பெட்டியில் செய்ததையும், எத்தனை முறை கழுவினாலும் அதில் புளித்த வாடை போகவில்லை என்பதையும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

பெட்டியின் மேல் குற்றமில்லை. எல்லாம் சாற்றை வெளியே விடும் குழாயின் பந்து வால்வின் (ball valve) வேலை. ஸ்பேனரால் அதைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே உருளும் உலோகக் குண்டுக்கும் அதைச் சுற்றிய வெள்ளை வளையத்துக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் கூழ் படிந்திருந்தது. மால்ட் மாவும் சர்க்கரைச் சாறும் சேர்ந்து அழுகிய கூழ். மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. வெந்நீரை எவ்வளவு ஊற்றினாலும் அது குண்டின் துளை வழியே ஓடிவிடும், இந்த இடுக்கைத் தொடவே தொடாது.

சோடியம் பெர்கார்பனேட் என்ற சுத்தப்படுத்தும் தூளைக் கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்ததும் கூழ் தானாகவே கழன்று வந்தது. ப்ளீச் மட்டும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அது அரித்துவிடும். பெட்டியின் உட்புறத்தை மென்மையான துணியால் மட்டுமே துடைக்கிறேன். கீறல் விழுந்தால் அழுக்கு அங்கே குடியேறும். கழுவியபின் மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுகிறேன்.

வடிகட்டும் வலைக்குழல் தானிய எடையில் நசுங்கியதற்கும் வழி கண்டேன். உள்ளே ஒரு ஸ்டீல் சுருளைச் செருகினேன். நேற்று சாறு தடையின்றித் தெளிவாக இறங்கியது. பெட்டியை முதலில் வெந்நீரால் சூடாக்கியதால் ஊறும் தானியத்தின் வெப்பநிலை 67 டிகிரி செல்சியஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் 66 ஆனது, அவ்வளவுதான். அந்தச் சாற்றில் இனிப்பு மணம் மட்டுமே இருந்தது.