ஐந்து பவுன், ஒரே காசு: வாங்கலாமா?

ஆயர் ஈத்தாம் தாதி:
வணக்கம். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்கொடையில் ஒரு பகுதியை இதுவரை தொடவில்லை. இப்போது அதற்கு ஆபத்து வந்திருக்கிறது.

கோலாலம்பூரில் ஒரு நாணய வியாபாரியிடம் 2017ஆம் ஆண்டின் ஐந்து சவரன் புரூஃப் (சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடிபோல் மெருகேற்றி அடித்த) தங்கக் காசைப் பார்த்தேன். பிரிட்டனின் நவீன சவரன் என்ற தங்கக் காசு பிறந்து 200 ஆண்டு நிறைந்ததற்காக அந்நாட்டு நாணயச்சாலையான ராயல் மிண்ட் வெளியிட்டது. 1817இல் சிற்பி பிஸ்துருச்சி செதுக்கிய அதே புனித ஜார்ஜ், குதிரை, காலடியில் டிராகன். கண்ணாடித் தளத்தின்மேல் பனி படிந்ததுபோல் உருவம் நிற்கிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை 39.94 கிராம், 22 காரட். ஆகவே சுத்தத் தங்கம் 36.61 கிராம். கேட்கும் விலையோ அந்தத் தங்கத்தின் விலையைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதிகம்.

ஆசைக்குக் காரணம் என் பாட்டி. அவருடைய காசு மாலையில் ராஜா தலை போட்ட இருபத்தொரு காசுகள் இருந்தன. தாத்தாவின் வைத்தியம், சித்தப்பாவின் படிப்பு என்று ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. கொக்கி பற்றவைத்த ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் காசு; ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் ‘எம்’ என்று ஒரு பொடி எழுத்து.

"அந்தப் பணத்துக்குச் சங்கிலி செய்தால் கழுத்திலாவது கிடக்கும்" என்கிறார் கணவர். பினாங்கு ஸ்திரீட்டில் எனக்குப் பழக்கமான ஆசாரியோ, "நான் எடுத்தால் பழைய 916 (22 காரட்) நகையின் கணக்குதான் அம்மா. பெட்டிக்கும் சான்றிதழுக்கும் காசு கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். என்ன செய்யட்டும்?

கிள்ளான் காசுப்பெட்டி:
அக்கா, பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதையே நாளைக்கு நான் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" சொல்லும் தொகையை எழுதி வாங்குங்கள்.

பிரிட்டிஷ் காசை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது அங்கே வரி கட்டுகிறவர்களுக்கு உள்ள சலுகை. ஆயர் ஈத்தாமில் இருப்பவருக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. சாதாரணச் சவரன் ஐந்து வாங்கினாலும் அதே எடைத் தங்கம்தான். கூடுதல் விலையும் மிகக் குறைவு. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் விற்கலாம். இந்தப் பெரிய காசில் கால்வாசியை வெட்டியா விற்பீர்கள்?

இன்னொன்று, என் முட்டாள்தனம். என்னிடம் ஒரு புரூஃப் சவரன் இருக்கிறது. விரல் ரேகை பட்டுவிட்டதே என்று கைக்குட்டையால் துடைத்தேன். ஒரே ஒரு முறைதான். கண்ணாடித் தளம் முழுக்க மயிரிழைக் கீறல். வேறு யாரிடமும் குறை சொல்ல வழியில்லை.

பட்டர்வொர்த் கிழவன்:
தங்கச்சி, அந்த எழுத்து காசு அடித்த ஊரைச் சொல்வது; ‘எம்’ என்றால் மெல்பர்ன். ‘பி’ பெர்த், ‘ஐ’ பம்பாய். பம்பாயில் 1918இல் மட்டும் அடித்தார்கள். இந்தக் காசுகள் இங்கே நகையாக மட்டும் வரவில்லை. 1906இல், அப்போது இங்கே புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளியின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தியபோது சவரனையும் சட்டப்படி செல்லும் பணமாக்கினார்கள். அறுபது வெள்ளிக்கு ஏழு சவரன், அதுதான் கணக்கு. பாட்டியின் காசு ஒரு காலத்தில் பினாங்கில் கடைக் கல்லாவில் கிடந்திருக்கவும் கூடும்.

கிள்ளான் தம்பியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. காஞ்சிப் பட்டு எடுக்கும்போது மறுவிலை கேட்டா எடுக்கிறோம்? ஆனால் பட்டு என்றால் உடுத்தலாம். இதைத் தொடவே கூடாது. உங்கள் பாட்டி அந்தக் காசுகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றவர்.

எதை வாங்கினாலும் தராசில் வையுங்கள்: ஒரு சவரன் 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். நம் நகைக்கடைகள் எட்டு கிராம் என்று சொல்லும் பவுன், இதை முழுமையாக்கியதுதான். பெய்ரூட்டில் அடித்த போலிகள் இன்னும் உலவுகின்றன.

ஆயர் ஈத்தாம் தாதி:
கேட்டேன். "அன்றைய சந்தை நிலவரம் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். இரண்டாவது முறை கேட்டபோதும் அதே பதில். அந்த வியாபாரியின் எண்ணை அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

நேற்று ஆசாரியின் தராசில் பாட்டியின் காசை வைத்தோம், கொக்கியோடு 8.3 கிராம். "கொக்கியை எடுத்துவிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பக்கத்துக் கடையில் 1925 என்று போட்ட ஐந்தாம் ஜார்ஜ் காசு ஒன்று இருக்கிறது. தங்க விலைக்குச் சற்றே கூடுதல். ஆனால் அது பிற்பாடு அடித்ததாக இருக்கலாம் என்கிறார்கள். உண்மையா ஐயா?

பட்டர்வொர்த் கிழவன்:
இருக்கலாம். 1949, 1951, 1952 ஆண்டுகளில் லண்டனில் 1925 தேதியோடே மறுபடி அடித்தார்கள், தொழில் கை மறந்துவிடக் கூடாதென்று. ராஜா இறந்து பதின்மூன்று ஆண்டு கழித்து! எடையும் தங்கமும் ஒன்றுதான். கொக்கி வைக்கப் போகிறீர்களா?

ஆயர் ஈத்தாம் தாதி:
வைக்கப் போகிறேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.