காற்பந்தில் மகனைத் தற்காப்புக்கு மாற்றிவிட்டார்கள்: இந்த இடத்தில் எதிர்காலம் உண்டா?

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் உயர்நிலை நான்கில் படிக்கிறான், 16 வயது. தொடக்கப்பள்ளிக் காலத்திலிருந்தே தாக்குதல் ஆட்டக்காரன். கோல் அடிப்பதுதான் அவனுக்கு மூச்சு. அவன் ஆடும் இளையர் குழுவுக்குப் புதிதாக வந்த பயிற்றுவிப்பாளர் அவனை மத்திய தற்காப்புக்கு மாற்றிவிட்டார். உயரமாக இருக்கிறான், இரண்டு காலாலும் பந்தைக் கொடுக்கிறான் என்று காரணம் சொன்னாராம்.

அன்று முதல் வீட்டில் பேச்சே இல்லை. "கோல் போடத் தெரியாதவனைத்தானே அம்மா பின்னால் நிறுத்துவார்கள்" என்கிறான். அவன் அப்பாவோ, "இதுதான் நல்ல நேரம், காற்பந்தை விட்டுவிட்டுப் படிக்கட்டும்" என்கிறார்.

எனக்கு விளையாட்டு நுணுக்கம் தெரியாது. தற்காப்பு ஆட்டக்காரராக இருந்து சிங்கப்பூரில் ஒருவர் பிழைக்க முடியுமா? சீருடைப் படையில் இரண்டு ஆண்டு கட்டாயத் தேசிய சேவை வேறு வருகிறது. பயிற்றுவிப்பாளரிடம் போய் மீண்டும் முன்னால் ஆடவிடுங்கள் என்று கேட்கலாமா? தெரிந்தவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

ஐந்தாம் எண் எழுதியது:

சகோதரி, நான் 2001 முதல் 2013 வரை இங்குள்ள லீக்கில் மத்திய தற்காப்பு ஆட்டக்காரனாக இருந்தவன். தேசியக் குழுவின் பயிற்சி முகாம் வரைக்கும் அழைத்தார்கள், அதற்கு மேல் போகவில்லை. ஆகவே நான் எழுதுவது நட்சத்திரத்தின் கதை அல்ல. அந்த வேலையைச் செய்து, அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டியவனின் அனுபவம்.

பயிற்றுவிப்பாளரிடம் போய்க் கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 16 வயதில் ஒரு தாக்குதல் ஆட்டக்காரனைப் பின்னால் கொண்டுபோகிறார் என்றால் அவனிடம் எதையோ பார்த்திருக்கிறார். இர்ஃபான் ஃபாண்டியின் பெயரை உங்கள் மகனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அந்நாள் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி அகமதின் மகன், தொடக்கத்தில் அப்பாவைப் போலவே கோல் அடிக்கிறவர். பிறகு மத்திய தற்காப்புக்கு மாறினார். அந்த இடத்தில் ஆடித்தான் தாய்லாந்தின் பத்தும் யுனைடெட் குழுவுக்குப் போய் 2020-21 பருவத்தில் லீக் பட்டம் வென்றார். சஃபுவான் பஹாருதீனும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். 2015இல் மெல்பர்ன் சிட்டி குழுவுக்குத் தற்காலிகமாகக் கடனாகப் போய் ஆஸ்திரேலியாவின் ஏ லீக்கில் கோல் அடித்த முதல் சிங்கப்பூரர் அவர். கோல் போடத் தெரியாதவர்களா இவர்கள்?

உங்கள் மகன் இதுவரை முன்னால் ஆடியது வீண் போகாது. பெனால்டி எல்லைக்குள் வருகிறவன் எப்போது தோளைத் தாழ்த்துவான், எந்தக் காலுக்குப் பந்தை இழுப்பான், குறுக்கே வரும் பந்துக்கு முதலில் எந்தப் பக்கம் பொய்யாக ஓடிக் காட்டுவான் என்பதெல்லாம் அவன் உடம்பிலேயே இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு வருடக்கணக்கில் ஆனது.

அவன் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. பந்தைப் பார்க்க எல்லோருக்கும் வரும். பந்தையும் ஆளையும் ஒரே பார்வைக்குள் வைத்திருப்பதுதான் தற்காப்புக்காரரின் தொழில். அதற்கு உடலைப் பாதி திருப்பி நிற்க வேண்டும். நேராக நின்றால் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவன் கண்ணிலேயே படமாட்டான். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிப்பதைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும். ஆனால் என்னுடன் ஆடியவர்களில் ஆகச் சிறந்தவர் ஓர் ஆட்டத்தில் ஒருமுறை சறுக்கினாலே அபூர்வம். பந்து வரப்போகும் இடத்தில் அவர் முன்பே நின்றுகொண்டிருப்பார்.

மழையையும் சொல்ல வேண்டும். ஜாலான் புசார் அரங்கின் செயற்கைப் புல் நனைந்துவிட்டால் தரையைத் தொட்ட பந்து வேகமெடுத்து வழுக்கும். உயரே வரும் நீளப் பந்தை ஒருமுறை தரையில் குத்தவிட்டால் தலைக்கு மேலே போய்விடும், பிறகு நீங்கள் அதன் பின்னால் ஓட வேண்டியதுதான். பிஷான் அரங்கின் இயற்கைப் புல்லில் அதே பந்து சற்று நின்று வரும். மாலையில் இடி எச்சரிக்கை ஒலித்து, எல்லோரும் உள்ளே போய்க் காத்திருந்து, ஈரத் திடலில் மீண்டும் இறங்கும்போது முதல் ஐந்து நிமிடம்தான் தற்காப்புக்கு ஆபத்து. உடம்பு ஆறியிருக்கும், திடலோ மாறியிருக்கும்.

அடுத்து, வாய். பின்னால் நிற்பவனுக்குத்தான் மொத்தத் திடலும் தெரிகிறது, அவன் பேசாவிட்டால் யார் பேசுவது? நான் ஆடிய வரிசையில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு குரோஷியரும் இருந்தோம். "பெலாக்காங்!" (பின்னால்), "நாயிக்!" (மேலே ஏறு) என்று மலாயில் கத்துவோம், குரோஷியரும் அப்படியே கத்துவார். கூச்ச சுபாவமுள்ள பையன் என்றால் இதைத்தான் முதலில் பழக வேண்டும்.

2019இல் வந்த விதிமாற்றம் உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு வரம். என் காலத்தில் கோல் கிக் (கோல் கம்பத்தருகிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதை) உதைத்தால் பந்து பெனால்டி எல்லையைத் தாண்டிய பிறகுதான் இன்னொருவர் தொடலாம். அதனால் கோல்காப்பாளர் நீளமாக உதைப்பார், நாங்கள் மேலே ஏறி நின்று முட்டுவோம். இப்போது எல்லைக்குள்ளேயே தற்காப்புக்காரர் பந்தை வாங்கலாம். எதிரணியின் மூன்று பேர் பாய்ந்து வரும்போது பதறாமல் பந்தை வெளியே எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவரைத்தான் காற்பந்து மன்றங்கள் தேடுகின்றன. இரண்டு காலாலும் கொடுக்கிறான் என்று அவர் சொன்னாரே, காரணம் அதுதான்.

சரி, பிழைப்பு. இதில் உங்கள் கணவரின் கவலை நியாயமானது. என் காலத்தில் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். பருவம் நவம்பரில் முடியும், சம்பளமும் அத்துடன் முடியும். அடுத்த மன்றத்தில் கையெழுத்திடும்வரை சேமிப்பில்தான் வாழ்க்கை. நான் இருந்த மன்றங்களில் ஒன்று சம்பளத்தையே மாதக்கணக்கில் இழுத்தடித்தது. திருமணமான வீரர்கள் பயிற்சிக்கு வரப் பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது நிலைமை சில இடங்களில் மேம்பட்டிருக்கிறது. 2020இல் தனியார்மயமான லயன் சிட்டி செய்லர்ஸ், 2025 மே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2இன் இறுதியாட்டம்வரை போய் பிஷானில் ஷார்ஜாவிடம் 1-2 என்று தோற்றது. சிங்கப்பூர் மன்றம் ஒன்று அங்கே நிற்கும் என்று நான் ஆடிய காலத்தில் யாரும் நினைக்கவில்லை. ஆனால் எல்லா மன்றமும் செய்லர்ஸ் அல்ல.

தேசிய சேவையைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வித்தியாசமானது. அந்த இரண்டு ஆண்டுகள் எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. பக்கவாட்டில் ஓடும் வேகக்காரனுக்கு 19, 20 வயதுதான் உச்சத்தின் தொடக்கம், அவன் இழப்பது மிக அதிகம். தற்காப்புக்காரர் தாமதமாகப் பழுக்கிறவர். ஆட்டத்தைப் படிக்கும் கண் 25க்குப் பிறகுதான் கூர்மையாகிறது. தற்காப்பு ஆட்டக்காரர் டேனியல் பென்னட் தேசியக் குழுவுக்காக 140க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிவிட்டு, நாற்பதைத் தாண்டியும் லீக்கில் நின்றார்.  காற்பந்துக்காகச் சேவையில் ஒத்திவைப்பு கிடைக்கும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் மன்றத்தில் ஒப்பந்தம் பெற்ற இளையருக்கே தற்காப்பு அமைச்சு அதை அளிக்கவில்லை.

எனவே படிப்பா, பந்தா என்று வீட்டில் சண்டை வேண்டாம். நீங்கள் உட்லண்ட்சில் இருக்கிறீர்கள், ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, விளையாட்டு அறிவியலில் பட்டயம் உண்டு. அதை முடித்துவிட்டுச் சேவைக்குப் போகட்டும். வெளியே வரும்போது வயது 21 அல்லது 22. தற்காப்புக்காரருக்கு அது காலை நேரம்.

கல்லாங் பழைய ரசிகர் எழுதியது:

தம்பி ஐந்தாம் எண் சொன்ன பிறகு எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆனால் 1998ஐச் சொல்லாமல் தற்காப்பைப் பற்றி எப்படிப் பேசுவது?

அந்த ஆண்டு டைகர் கிண்ணப் போட்டி (ஆசியான் கிண்ணத்தின் அன்றைய பெயர்) வியட்நாமில் நடந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில் இறுதியாட்டம், அரங்கம் முழுக்க வியட்நாம் ரசிகர்கள். ஒரே ஒரு கோல். அதை அடித்தவர் நம் ஆர். சசிகுமார், தற்காப்பு ஆட்டக்காரர். பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது. சிங்கப்பூரின் முதல் ஆசியான் கிண்ணம் அது. அன்று எங்கள் புளோக்கின் கீழே காப்பிக்கடையில் தொலைக்காட்சி முன் நின்ற அத்தனை பேரும், மலாய்க்காரர், சீனர், நாங்கள் எல்லாரும், "சசி! சசி!" என்று கத்தினோம். சொல்லும்போதே எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அதே போட்டியில் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரரின் கதையும் உண்டு. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதிய பிரிவு ஆட்டத்தில் இரு குழுக்களுக்கும் வெல்ல விருப்பமில்லை, வென்றால் ஹனோய்க்குப் போய் வியட்நாமைச் சந்திக்க வேண்டும். இந்தோனேசியாவின் முர்சியித் எஃபெண்டி வேண்டுமென்றே தன் சொந்த வலைக்குள் பந்தை உதைத்தார். தாய்லாந்து 3-2 என்று வென்றது. ஃபிஃபா இரு நாடுகளுக்கும் தலா 40,000 டாலர் அபராதம் விதித்தது, எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் ஆயுள் தடை. இத்தனைக்கும் பிறகு இந்தோனேசியா அரையிறுதியில் நம்மிடம் 1-2 என்று தோற்றது.

அம்மா, உங்கள் மகனிடம் சசிகுமாரின் அந்தக் கோலைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இயன்மருத்துவர் ஒருவர் எழுதியது:

மருத்துவக் கோணத்தில் ஒன்று மட்டும். மத்திய தற்காப்புக்கு மாறினால் பந்தைத் தலையால் முட்டுவது கூடும். இதை அச்சுறுத்தச் சொல்லவில்லை, பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் நரம்புச் சிதைவு நோய்களின் அபாயம் வீரர்களுக்குக் கூடுதலாக இருந்தது. 2021இல் வெளியான பகுப்பாய்வில், ஆடும் இடங்களிலேயே தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குத்தான் அது மிக அதிகம், ஏறத்தாழ ஐந்து மடங்கு. அவர்கள் ஆடியது பல ஆண்டுகளுக்கு முன்பு என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். அதே ஆண்டில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், வேகமான பந்தை முட்டும் பயிற்சியை வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

பயிற்றுவிப்பாளரிடம் கேட்க வேண்டுமானால் இதைக் கேளுங்கள்: முட்டும் பயிற்சி வாரத்துக்கு எவ்வளவு? கழுத்துத் தசைக்கான பயிற்சி தருகிறார்களா? தலையில் அடிபட்டால் அன்றே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களா? நல்ல பயிற்றுவிப்பாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். பட்டயம் முடித்த பிறகு சேவை என்ற திட்டத்துக்கு அவர் சம்மதித்துவிட்டார். மகன் இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை, ஆனால் "கோல் கிக் விதி பற்றி அந்த அங்கிள் சொன்னது சரிதான்" என்றான். முட்டும் பயிற்சியைப் பற்றிப் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார், கழுத்துப் பயிற்சி ஏற்கெனவே கொடுக்கிறாராம்.

ஐந்தாம் எண் அவர்களுக்கு இன்னொரு கேள்வி. அவனுக்குக் காலணி வாங்க வேண்டும், தற்காப்புக்கென்று தனியாக உண்டா? ஆட்டம் பார்க்க அழைத்துப் போகலாம் என்றும் நினைக்கிறேன்.

ஐந்தாம் எண் எழுதியது:

சகோதரி, இடத்துக்கென்று காலணி இல்லை, திடலுக்குத்தான். அவன் பெரும்பாலும் செயற்கைப் புல்லில் ஆடுகிறான் என்றால் அதற்கென்றே செய்த, குட்டையான பல ஆணிகள் உள்ள அடிப்பாகத்தை வாங்குங்கள். இயற்கைப் புல்லுக்கான நீண்ட ஆணி செயற்கைப் புல்லில் பிடித்துக்கொள்ளும். தற்காப்புக்காரர் நின்ற இடத்தில் சட்டென்று திரும்புகிறவர், பாதம் சிக்கி உடல் திரும்பினால் முழங்கால் தசைநார் போய்விடும். அது கிழிந்தால் திடலுக்குத் திரும்ப ஒன்பது மாதம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, மாலையில் போய் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு சரியாகத் தெரியும்.

ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். பந்தைப் பார்க்காமல், முதல் பாதி முழுக்க ஒரே ஒரு மத்திய தற்காப்புக்காரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை பின்னால் திரும்பிப் பார்க்கிறார், பந்து மறுகோடியில் இருக்கும்போது எங்கே நிற்கிறார், யாரிடம் கை காட்டுகிறார். இடைவேளையில் அவனிடம் கேளுங்கள். அவன் பார்த்ததை இங்கே எழுதினால் நான் பதில் எழுதுகிறேன்.