மெதுவாக வந்த கார்தான் இடித்தது, பையனுக்கு எப்படி வயிற்றுக்குள் அடி?

வைகைத்தாய்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என் மகன் (11 வயது) டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது, தெருமுனையில் திரும்பிய கார் ஒன்று பின்சக்கரத்தில் இடித்துவிட்டது. காருக்கு வேகமே இல்லை, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். முன்சக்கரம் மடங்கி ஹேண்டில் மேலேயே விழுந்திருக்கிறான், அப்புறம் தானே எழுந்து சைக்கிளை நிமிர்த்தி வீட்டுக்கும் ஓட்டி வந்துவிட்டான். முழங்காலில் சிராய்ப்பு, தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாகச் சிவந்த தடம், அவ்வளவுதான். மறுநாள் பச்சை பச்சையாக வாந்தி, நிற்கவே இல்லை. ஸ்கேனில் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் சுவருக்குள் ரத்தம் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். 12 நாள் வாயில் எதுவும் கொடுக்காமல் டிரிப்ஸிலேயே வைத்து, ஆபரேஷன் இல்லாமல் தேறிவிட்டான்.

ஹெல்மெட் போட்டிருந்தான், தலையில் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு மெதுவான இடியில் உள்ளே இவ்வளவு அடி எப்படிப் படும்? இதுவே வேகமாக வந்திருந்தால்? அவன் அப்பா இனி சைக்கிளே வேண்டாம் என்கிறார்.

இரவுப்பணி:
பையன் தேறிவிட்டான் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது சகோதரி. குழந்தைகள் அறுவைப் பிரிவில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன், அந்த வட்டத் தடத்தை நானும் பார்த்திருக்கிறேன். அது ஹேண்டில்பாரின் முனை. முன்சக்கரம் மடங்கினால் ஹேண்டிலும் கூடவே திரும்பும், ஒரு முனை வயிற்றைப் பார்த்து நிற்கும், பிள்ளையின் எடை அந்தக் காசளவு இடத்தின் மேல் இறங்கும். காரே இல்லாமல் தானாக விழுந்த பிள்ளைகளுக்கும் இதே அடி படுவதுண்டு. அந்த வயதில் வயிற்றுச் சுவர் மெல்லியது. சிறுகுடலின் தொடக்கமும் கணையமும் முதுகெலும்புக்கு நேர் முன்னால் கிடக்கின்றன. முன்னால் குழாய், பின்னால் எலும்பு, அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் மாட்டிய மாதிரி நசுங்கிவிடும். விலா எலும்பும் அப்படித்தான், பெரியவர்களுக்கு முறியும் இடத்தில் பிள்ளைகளுக்கு வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்துவிடும், எலும்பு முறிவே இருக்காது, உள்ளே நுரையீரல் கன்றியிருக்கும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன். வயிற்றில் தடம் இருந்தால் இரண்டு மூன்று நாள் கண்ணை எடுக்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, வெளிறிப்போவது, சிறுநீரில் ரத்தம், இடது தோளில் வலி (மண்ணீரலில் ரத்தம் கசிந்தால் வலி அங்கேதான் தெரியும்), இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். டாக்டரிடம் 'சைக்கிளிலிருந்து விழுந்தான்' என்று மட்டும் சொல்லாமல், ஹேண்டில் வயிற்றில் குத்தியது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மோதல்சோதனை:
வேகமாக வந்திருந்தால் என்று கேட்டீர்கள் மேடம், வாகனப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பவனாக அதற்கு நான் சொல்கிறேன். 30 கி.மீ. வேகம் என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம். 50 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர், அதாவது மூன்று மாடி. உயரத்தோடு ஒப்பிடுவது சும்மா பேச்சுக்கு இல்லை, பின்னாளில் ஐஐடி டெல்லியில் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்குப் பெயர் பெற்ற தினேஷ் மோகனும் அவருடன் இருந்தவர்களும், உயரத்திலிருந்து விழுந்த குழந்தைகளின் தலைக்காயங்களை வைத்துத்தான் பிள்ளைகளின் தலை எவ்வளவு தாங்கும் என்று 1979-ல் ஆராய்ந்தார்கள்.

இப்போது ஹெல்மெட். ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையில், ஹெல்மெட் மாட்டிய தலை மாதிரியைத் தட்டையான இரும்பின் மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுவார்கள், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். தார்ச்சாலையில் தலை அடிபடுவதற்கு அது மிகவும் உதவும், கண்டிப்பாகப் போடுங்கள், ஒருமுறை பலமாக அடி வாங்கியதை மாற்றிவிடுங்கள். மூன்று மாடி வேகத்துக்கு அது செய்யப்பட்டதில்லை.

இன்னொன்று, காரின் முகம். தாழ்ந்த பானெட் இடித்தால் சைக்கிளில் இருப்பவர் பெரும்பாலும் மேலே சரிந்து பானெட்டில் விழுவார், தகடு கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும். பிள்ளையின் தலை எந்த இடத்தில் படும் என்று கணக்கிட்டு, பெரியவர்களுக்கு 4.5 கிலோ, பிள்ளைகளுக்கு 3.5 கிலோ தலை மாதிரிகளைப் பானெட் மேல் தனித்தனியாக எறிந்து சோதிப்பார்கள். உயரமான, நேர் முகமுள்ள எஸ்யூவி என்றால் சின்னப் பிள்ளைக்கு நெஞ்சிலேயே இடிக்கும், மேலே சரிய வழியில்லாமல் முன்னால் தள்ளிச் சாலையில் போடும், சக்கரம் அதற்குப் பின்னால் வரும். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

பெல்_அடி:
பஸ்ஸையும் லாரியையும் விட்டுவிட்டீர்களே அண்ணா. இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அந்த இடுக்கில் சைக்கிள் மாட்டினால் ஆமை வேகமாக இருந்தாலும் எடையே இடுப்பை நசுக்கிவிடும், அங்கே ஹெல்மெட்டுக்கு வேலையில்லை. என் பெண்ணுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையாதே என்பதுதான்.

சைக்கிளை நிறுத்தச் சொல்லாதீர்கள் அக்கா. அயோவா பல்கலைக்கழகத்தில் திரையில் சாலையைக் காட்டி, 10, 12 வயதுப் பிள்ளைகளைச் சைக்கிளில் கடக்க வைத்துப் பார்த்தார்கள். வண்டிகளுக்கு நடுவே பெரியவர்கள் எடுக்கும் அதே இடைவெளியைத்தான் பிள்ளைகளும் எடுத்தார்கள், ஆனால் கிளம்பத் தாமதமானதால் கடந்து முடிக்கும்போது வண்டி மிக அருகில் வந்துவிட்டது. அதனால் நானும் அவளும் ஞாயிறு காலையில் முக்கில் நின்று, 'இந்த வண்டிக்கு முன்னால் போகலாமா, அடுத்ததா' என்று பழகினோம். ஒரு காலை பெடலில் தயாராக வைத்துக்கொண்டு நிற்பதே பாதி வேலை.

வைகைத்தாய்:
எல்லோருக்கும் நன்றி. படித்த உடனே போய்ச் சைக்கிளைப் பார்த்தேன். இடது கைப்பிடி ரப்பர் நுனியில் கிழிந்து, உள்ளே இருக்கும் குழாயின் விளிம்பு வெளியே தெரிகிறது, விரலை வைத்தால் கூராக இருக்கிறது. தினமும் நான்தான் அந்த வண்டியைத் துடைக்கிறேன், கண்ணில் படவே இல்லை. அவன் அப்பாவிடமும் காட்டினேன், கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, நுனி மூடிய தடித்த கைப்பிடி ஒரு ஜோடி வாங்கி அவரே மாட்டினார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஞாயிறு காலை முக்குக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.