கெல்டி ஓடையைத் தாண்டாமல் லின் ஆஃப் டீ போக முடியுமா?

ஸ்காட்லாந்தின் க்ளென் டில்ட் பள்ளத்தாக்கு வழியாக, ப்ளேர் ஆத்தால் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே டீ ஆற்றங்கரையிலுள்ள லின் ஆஃப் டீ வரை செப்டம்பர் கடைசியில் நடக்கத் திட்டம். டார்ஃப் ஓடைக்கு 1886-இல் கட்டிய பெட்ஃபோர்ட் பாலம் இருக்கிறது, கவலையில்லை. அதைத் தாண்டினால் செங்குத்துச் சரிவில் ஓடையை ஒட்டி ஒற்றையடிப் பாதை. நடையின் அழகே அங்கேதான்.

சிக்கல் கெல்டியில். பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்கணும். பலத்த மழை பெய்தால் இறங்கவே கூடாது. டீ ஆற்றின் மேலுள்ள ஒயிட் பிரிட்ஜ் பாலமும் உதவாது, அது கெல்டிக்கு அக்கரையில். லேண்ட்ரேஞ்சர் 43 வரைபடத்தில் தேடியாச்சு, கெல்டியின் தென்கரையில் தொடர்ச்சியான பாதை தெரியவில்லை. எதிர்த்திசையில் நடப்பதையும் யோசித்தாச்சு: கெல்டி முதலிலேயே வரும், வெள்ளமென்றால் திரும்பிவிடலாம், ஆனால் பிரேமார் கிராமத்திலிருந்து லின் ஆஃப் டீக்கு சுமார் 10 கி.மீ. சாலை நடை கூடுகிறது. நடைக்கோல், கூடாரம், இரண்டு நாள் சாப்பாடு கையில் இருக்கும்.

வெள்ளத்தின்போது கெல்டிக்கு முன்பே வரும் பைனாக் லாட்ஜ் இடிபாட்டுப் பக்கத்திலிருந்து தென்கரையோரமாகவே ஹீதர் புதருக்குள் லின் ஆஃப் டீ சாலைப் பாலம் வரை யாராவது நடந்திருக்கிறீர்களா, எவ்வளவு நேரம் பிடித்தது?