குப்பை வண்டி வராத மலை ஊரில் வீட்டுக் குப்பை: உங்கள் அனுபவம் என்ன? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கோத்தகிரிப் பக்கம்

மலையில முதல் கணக்கு எடைதான். சமையலறைக் கழிவுல முக்கால்வாசி தண்ணி. அதை மூட்டை கட்டி இறக்கினா சுமை கூலிதான் மிச்சம். ஈரமானது எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது, கீழே இறங்குறது எல்லாம் காய்ஞ்சிருக்கணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஈரத்துக்கு ரெண்டு குழி. நீளம், அகலம், ஆழம் மூணும் 3 அடி. மேட்டுப் பக்கமா, கிணறு ஊத்துக்குத் தள்ளி. அடியில அரை அடிக்குத் தேயிலைக் கவாத்துக் குச்சி (செடியை வெட்டி விட்டது), காத்து போக. மேல ஒரு வாளி ஈரக் கழிவுக்கு ரெண்டு வாளி காய்ஞ்ச சருகு, கூடவே ஒரு கை சாணிக் கரைசல். ஒண்ணு நிரம்பினா மூடிட்டு அடுத்ததுக்குப் போகணும்.

சமவெளியில மூணு மாசத்துல மட்கும். 6,000 அடிக்கு மேல மார்கழி, தை குளிர்ல ரெண்டு மடங்கு நாள் பிடிக்கும். பால்கனியில வைக்கிற சின்னப் பானை இங்கே வேலைக்கு ஆகாது. குவியல் பெருசா இருந்தாத்தான் உள்ளே சூடு நிக்கும். கற்பூர மர (யூகலிப்டஸ்) சருகு வேண்டாம், எண்ணெய்ப் பசையில மட்கவே நேரம் எடுக்கும்.

பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்க. விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா அழுகின முட்டை நாத்தம் வரும், சருகு போட்டுக் கிளறணும். எறும்பு ஏறினா காய்ஞ்சு கிடக்குன்னு அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன்னாடி தார்ப்பாய் போட்டு, குழியைச் சுத்தி ஒரு சாண் வாய்க்கால் வெட்டிடுங்க. இதைத் தள்ளிப் போட்டவங்க குழியெல்லாம் கார்த்திகையில குட்டைதான்.

காட்டோரம்

கோத்தகிரி அண்ணா சொன்ன குழி ஊருக்கு நடுவுல சரி. காட்டை ஒட்டின வீட்டுக்குக் கரடியும் பன்னியும் விருந்தாளியா வந்துரும். எண்ணெய் வாசம்தான் கரடியை இழுக்கிறது. வடிச்ச எண்ணெய், மீன் தலை, எலும்பு இதெல்லாம் திறந்த குழியில கூடவே கூடாது. குழிக்குப் பதிலா 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், வளையம் போட்டு இறுக்குற மூடி உள்ளதா வாங்குங்க. அடியை அறுத்துட்டு எலி புகாத கம்பி வலை கட்டி, அரை அடி மண்ணுக்குள்ள இறக்கி, பக்கத்துல ஒரு மரத்தோட கட்டிடுங்க. காத்து ஓட்டை கால் அங்குலத்துக்கு மேல போனா சுண்டெலி குடியேறிடும். மீன், கறிக் கழிவு கொஞ்சமா இருந்தா ரெண்டடி ஆழத்துல புதைச்சு மேல பாறாங்கல் வைக்கிறதே நல்லது.

பால் கவர்

உலர் குப்பையில காசு வர்றது பால் கவர்தான். ஆனா மூலையைத் தனியா வெட்டி எறியாதீங்க. அந்தத் துண்டை யாரும் பொறுக்க மாட்டாங்க, மாடு தின்னும். ஒரு பக்கம் மட்டும் கீறி, கழுவி, கொடியில மாட்டிக் காய வைக்கணும். ஈரத்தோட சாக்குல திணிச்சா பூஞ்சை பிடிச்சு பழைய பொருள் கடைக்காரர் விலையைக் குறைப்பார், இல்ல திருப்பி அனுப்புவார்.

பழைய உரச் சாக்கு நாலு போதும்: கவர், பாட்டில், அட்டை, இரும்பு. தரையில வைக்காம ஆணியில தொங்க விடுங்க. மளிகை ஏத்தி வர்ற பிக்கப் காலியாத் திரும்புற நாளைப் பார்த்து நாலஞ்சு வீடு சேர்ந்து போட்டு விட்டா வாடகை தெரியாது.

சிப்ஸ், பிஸ்கட் உறைக்கு விலை கிடையாது. பல அடுக்கு ஒட்டினது, பிரிக்க முடியாது. ஊராட்சி சேகரிச்சுக் கொடுத்தா சிமென்ட் ஆலையில எரிபொருளாப் போகும். பாட்டிலுக்குள்ள அடைச்சுச் செங்கல் செய்யலாம்னு சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. விக்கக்கூடிய பாட்டிலும் சேர்ந்து வீணாப் போகுது.

கோத்தகிரிப் பக்கம்

விறகடுப்பு பத்த வைக்கக் கவர் போடுற பழக்கம் ஊரு பூரா இருக்கு. அடுப்புச் சூட்டுல பிளாஸ்டிக் முழுசா எரியாது. பிவிசி வயர், செருப்பு கலந்திருந்தா டையாக்ஸின்ங்கிற நச்சுப் பொருள் வரும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில கொட்டுறது அதைவிடக் கொடுமை. சுள்ளியும் தேங்காய் நாருமே போதும்.

மருந்துப் பெட்டி

யாரும் தொடாத விஷயம்: டயப்பரும் நாப்கினும். குழியில போட்டா உள்ள இருக்கிற ஜெல் தண்ணியை உறிஞ்சி ஊதி, அப்படியே கிடக்கும். மலத்தைக் கழிப்பறையில தட்டிட்டு, காகிதத்துல சுத்தித் தனிச் சாக்கு. தூய்மைக் காவலர் கையில தர்றப்போ சிவப்புக் குறி போட்டுக் கொடுங்க. துணி நாப்கின் துவைச்சுக் காய வைக்க வெயில் வேணும். மூடுபனி மாசத்துல அடுப்பு மேட்டுக்கு மேல கொடி கட்டலாம்.

சர்க்கரை ஊசியைக் கெட்டியான பாட்டில்ல போட்டுத் திருகி மூடி, அடுத்த தடவை ஆரம்ப சுகாதார நிலையம் போறப்போ கேட்டுக் கொடுத்துடுங்க. சிஎஃப்எல் பல்புல பாதரசம் இருக்கு. உடைஞ்சா ஜன்னலைத் திறந்துட்டு அட்டையால வாருங்க, துடைப்பம் வேண்டாம்.

காட்டோரம்

மது பாட்டில்? யானை நடக்குற பாதையில உடைஞ்சு கிடக்கு.

பால் கவர்

நீலகிரியில 2022-ல இருந்து டாஸ்மாக்ல பாட்டிலுக்குக் கூட 10 ரூபா வாங்கிட்டு, திருப்பிக் கொடுத்தா தர்றாங்க. ஸ்டிக்கர் கிழியாம, உடையாம இருக்கணும். உடைஞ்சதை எடுக்க மாட்டாங்க. அதைத் தகர டின்ல போட்டு வாயை நசுக்கித் தனியா இறக்குங்க, சாக்குல போட்டா தூக்குறவங்க தோளைக் கிழிக்கும்.