ஞாயிறு காலையும் பதினோரு மேசைவிளக்கும்

கேள்வி:
சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவேன். போர்வையோடு டிவி முன்னால் போய் உட்காருவேன். அப்பா விழித்துவிடக் கூடாதே என்று சத்தத்தை இரண்டு புள்ளியில் வைப்பேன். கார்ட்டூனில் பூனை எலியைத் துரத்தும்போது ஒரே ஜன்னல், ஒரே மேசைவிளக்கு திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை 11 விளக்கு எண்ணினேன், அண்ணன் நம்பவில்லை. ஏன் அப்படி?

பதில் 1:
ஒரு பின்னணி ஓவியத்தையே மறுபடி மறுபடி ஓட்டுவார்கள், செலவு மிச்சம். 1958இல் வந்த யோகி என்ற கார்ட்டூன் கரடிக்குக் காலரும் டையும் எதற்கு என்று நினைத்தீர்கள்? உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றி வரையலாம், ஒட்டு தெரியாது. சட்டையே இல்லாத கரடிக்கு டை!

பதில் 2:
விளக்கை நான் எண்ணியதில்லை. ஆனால் கார்ட்டூனில் எந்தப் பாறை விழும் என்று தங்கையிடம் பந்தயம் கட்டி ஜெயிப்பேன். விழப்போகும் பாறை மட்டும் நிறம் மாறி, தட்டையாகத் தெரியும். அசைகிற பொருளைத் தனியாக ஒளி ஊடுருவும் தாளில் வரைந்ததால் வந்த வினை. பாவம், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

கேட்டவர்:
காலர் விஷயம் இன்றுதான் தெரியும். அண்ணனுக்கு அனுப்பினேன். “சரி, ஆனா அது 9 விளக்குதான்” என்று பதில் வந்திருக்கிறது.